சுவர் கடக்கும் குரல்

இணையவழி அழைப்பு, குரலைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய முகவரியைத் தாங்கிச் செல்கிறது. தமக்கெனத் தனி அழைப்புச் சேவையகத்தை வீட்டிலேயே அமைக்க விழைவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இம்முகவரி தொடர்பானதே.

முகவரிப் பற்றாக்குறை

1981ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட் நீளமுடையது. ஆதலின், ஏறத்தாழ 430 கோடி முகவரிகளையே அதனால் வழங்க இயலும். கருவிகள் பெருகியபோது இவை போதவில்லை. 1994இல் முன்வைக்கப்பட்ட 'வலைமுகவரி மாற்றம்' இக்குறையைத் தணித்தது. இம்முறையில் வீட்டிலுள்ள கருவிகள் 192.168 எனத் தொடங்குவன போன்ற உள்முகவரிகளைப் பெறுகின்றன. வெளியுலகிற்கோ அவையனைத்தும் திசைவியின் ஒரே பொதுமுகவரியில் இருப்பனவாகத் தோன்றுகின்றன.

உள்ளிருந்து சென்ற செய்திக்கு வரும் மறுமொழியைத் திசைவி உரிய கருவியிடம் சேர்க்கும். வெளியிலிருந்து புதிதாக வரும் அழைப்பை எக்கருவியிடம் சேர்ப்பது என அது அறியாது. கேளாது வரும் பொதிகளைத் தீச்சுவரும் தடுத்துவிடும்.

மணி ஒலிக்கும், குரல் கேளாது

அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் எஸ்.ஐ.பி. என்னும் நெறிமுறை பயன்படுகிறது. குரலோ ஆர்.டி.பி. என்னும் வேறொரு நெறிமுறையின் வழியே செல்கிறது. குரலை எங்கு அனுப்பவேண்டும் என்பதை எஸ்.ஐ.பி. செய்தியின் உள்ளே கருவி எழுதுகிறது; அங்குத் தன் உள்முகவரியையே எழுதிவிடுகிறது. திசைவி பொதுவாக உறையின் மேலுள்ள முகவரியை மாற்றுமேயன்றி, உள்ளிருக்கும் மடலைத் திருத்துவதில்லை. அதனால் மணி ஒலித்து, அழைப்பு ஏற்கப்பட்ட பின்னரும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பதில்லை.

தீர்வுகள்

ஆஸ்டரிஸ்க் போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சேவையகம் அமைப்போர் மூன்று பணிகளைச் செய்தல் வேண்டும். முதலாவது, சேவையகத்திற்கு மாறாத உள்முகவரி அளித்தல். இரண்டாவது, அழைப்புக்குரிய 5060ஆம் வாயிலுக்கும் குரலுக்குரிய வாயில்களுக்கும் வரும் பொதிகளைச் சேவையகத்திற்கு அனுப்புமாறு திசைவியைப் பணித்தல். மூன்றாவது, பொதுமுகவரி இன்னதெனச் சேவையகத்திற்கு அறிவித்தல்.

அழைப்போரும் இத்தகைய சுவருக்குள் இருக்கக்கூடும். கருவி தன் பொதுமுகவரியை அறிய 'ஸ்டன்' முறை உதவும். நேர்வழி கிட்டாதபோது 'டர்ன்' சேவையகம் இடைநின்று குரலைக் கடத்தும். இணைய நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரு பொதுமுகவரியைப் பகிர்ந்தளித்திருப்பின், வீட்டுத் திசைவியில் வாயில் திறந்து பயனில்லை. அந்நிலையில் பொதுமுகவரியுடைய சேவையகம் ஒன்றை வெளியே வாடகைக்குப் பெறுதலே எளிய வழியாகும்.

காவலின் தேவை

திறந்த வாயிலை நண்பர் மட்டும் நாடுவதில்லை. கடவுச்சொல்லை ஊகித்து நுழைவோர், பிறர் செலவில் வெளிநாட்டு அழைப்புகளைச் செய்ய முயல்வர். ஆகவே தேவையான வாயில்களை மட்டும் திறத்தல், வலிய கடவுச்சொல் அமைத்தல், குரலை மறையாக்கம் செய்தல் ஆகியன இன்றியமையாதவை.

128 பிட் நீளமுடைய ஆறாம் பதிப்பு முகவரிகள் பரவும்போது முகவரிப் பற்றாக்குறை நீங்கும். எனினும் தீச்சுவரின் தேவை நீங்காது. யாருக்கு வாயிலைத் திறப்பது என்னும் முடிவும் சேவையகம் அமைப்போரின் பொறுப்பாகவே இருக்கும்.