செலவழிந்த அட்வான்ஸ்: சிறு வீட்டு உரிமையாளர்களின் கண்ணுக்குத் தெரியாத கடன்

சென்னையில் மாடி எடுத்து ஒன்றிரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்களும், புறநகரில் வங்கிக் கடனில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி அதன் வாடகையை நம்பியிருக்கும் நடுத்தர வருவாயினரும், வேலைவாய்ப்பு தளரும் காலங்களில் வாடகைக் குறைவையே பெரிய இழப்பாகக் கருதுகின்றனர். உண்மையில் அதைவிடப் பெரிய ஆபத்து, குடிவந்தவரிடம் பெற்று எப்போதோ செலவழித்துவிட்ட அட்வான்ஸ் தொகையில் இருக்கிறது.

வாடகை வருவாய் விகிதம் என்பது, வீட்டின் விலையில் ஓராண்டு வாடகை எத்தனை விழுக்காடு என்ற கணக்காகும். இந்தியப் பெருநகரங்களில் இது பெரும்பாலும் 2 முதல் 4 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுவதால், 60 லட்சம் ரூபாய் வீடு 3 விழுக்காட்டு விகிதத்தில் மாதம் 15,000 ரூபாயே தரும். அந்த வீட்டுக்காக 40 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கடனாக 7 விழுக்காட்டு வட்டியில் பெற்றவருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 31,000 ரூபாய் ஆகும். அதாவது வாடகை தவணையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம், 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தது. அவ்வுயர்வு முழுவதும் தவணையில் ஏறினால் மேற்சொன்ன தொகை 37,000 ரூபாயைத் தாண்டும்; ஏறாத இடங்களில் கடன் தீரும் காலம் நீளும். 2025 பிப்ரவரி முதல் அவ்விகிதம் குறையத் தொடங்கியபோதிலும், பற்றாக்குறை மறைந்துவிடவில்லை. இதற்கிடையே 2022இல் தமிழ்நாட்டில் சொத்து வரியும், கட்டடத்தின் பரப்பளவுக்கும் இருப்பிடத்துக்கும் ஏற்ப, 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டவே அட்வான்ஸ் பயன்படுகிறது. சென்னையில் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் இருந்துவருகிறது. 15,000 ரூபாய் வாடகைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கைக்கு வரும்போது, அது ஆழ்துளைக் கிணற்றுக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ போய்விடுகிறது. குடியிருப்பவர் காலி செய்யும்போது, அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கி முன்னவருக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு, வீடு உடனுக்குடன் நிரம்பும் காலங்களில் மட்டுமே இடறாமல் நடக்கும். வட்டியில்லாக் கடன் என்பதால் எவரும் இதைக் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும் எந்த மாதத்திலும் திருப்பிக் கேட்கப்படக்கூடிய கடன் இது ஒன்றே.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை வெளிப்படுத்தியது. வீட்டிலிருந்தே பணிபுரியும் முறை பரவியதும், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வாடகைக்குக் குடியிருந்த தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களில் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினர். அவர்களை நம்பியிருந்த உரிமையாளர்களுக்கு வாடகை நின்றதும், அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டியதும், புதிய குடித்தனக்காரர் வராததும் ஒரே நேரத்தில் நேர்ந்தன. அவ்வாண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் அட்வான்ஸுக்கு அத்தகைய அவகாசம் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே தொழிலை நம்பிய வட்டாரங்களில், அத்துறையில் ஆட்குறைப்பு நிகழும் ஒவ்வொரு முறையும் இந்நிலை திரும்பக்கூடும்.

வாடகை பாக்கி விழும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் தோன்றுகிறது. வேலையிழந்தவர் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது உரிமையாளரின் கடன் குறைகிறதே தவிர, அவர் கைக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. வங்கித் தவணைக்கும் மருந்துச் செலவுக்கும் அவர் வேறு வழி தேடவேண்டும். ஓய்வூதியம் இல்லாமல், வாடகையையே மாத வருமானமாகக் கொண்ட முதியவர்களை இது முதலில் நசுக்குகிறது என்பதே இங்கு மிகுந்த கவலைக்குரியது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகையையே அட்வான்ஸ் எனப்படும் காப்புத் தொகையின் அளவாகக் குறிக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வலியுறுத்துகிறது. பதிவு செய்தால் வருமான வரி பெருகும் என்று அஞ்சித் தயங்குபவர்கள், வாடகை வருமானத்தில் உள்ளாட்சி வரி போக எஞ்சியதில் 30 விழுக்காடு எந்தச் செலவுக் கணக்கும் காட்டாமலே கழிக்கப்படுகிறது என்பதையும், வாய்மொழி ஏற்பாடு தகராறு வரும் நாளில் துணை நிற்காது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பத்து மாத அட்வான்ஸின் சுமை குடியிருப்பவர் மீதே விழுகிறது என்று அவர்கள் தரப்பில் கூறப்படுவது உண்மையே. ஆனால் அதே தொகை வாங்கியவரையும் கவிழ்க்கிறது என்பது உணரப்படவில்லை. மூன்று மாத அட்வான்ஸை மட்டும் பெற்று, அதைத் தொடாமல் வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவைத்து, வீடு காலியாக இருக்கக்கூடிய சில மாதங்களுக்கான தவணையையும் தனியே சேர்த்துவைக்கும் உரிமையாளரால் ஒரு மந்த காலத்தைத் தாண்ட முடியும். அட்வான்ஸைச் செலவழிக்காமல் அந்த வீட்டை வைத்திருக்க இயலாது என்ற நிலை இருந்தால், அந்த வீடு அக்குடும்பத்தின் வருவாய்க்கு மிஞ்சிய முதலீடு என்பதை, நல்ல விலை கிடைக்கும் காலத்திலேயே ஒப்புக்கொள்வது நலம்.