தர்க்கமும் மொழியும் – 9: ஏறும் உண்மை, இறங்கும் உண்மை

ஒரு வாக்கியத்திலுள்ள சொல்லை எடுத்துவிட்டு, அதைவிடப் பரந்த பொருளுள்ள சொல்லையோ குறுகிய பொருளுள்ள சொல்லையோ அங்கே வைத்தால் வாக்கியத்தின் உண்மை கெடாமல் இருக்குமா? இந்தக் கேள்விக்கு நிலையான விடை தரும் பண்புக்கு ஓரியல்பு என்று பெயர், ஆங்கிலத்தில் மானோடானிசிட்டி. 2020 டிசம்பர் 17 முதல் 20 வரை பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வரங்கு இந்த ஒரே பண்பைத்தான் பொருளாக எடுத்துக்கொண்டது. அதன் கட்டுரைகள் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் கணினி அறிவியல் வரிசையில் தனித் தொகுப்பாக வந்தன. தர்க்கம், மொழியியல், கணினியியல் என்ற மூன்று துறைகளையும் இந்தப் பண்பு தொடுகிறது.

கடைக்காரர் "மல்கோவா இருக்கிறது" என்று சொன்னால், மாம்பழம் இருக்கிறது என்பதும் பழம் இருக்கிறது என்பதும் உறுதி. உண்மை குறுகியதிலிருந்து பரந்ததற்கு ஏறுகிறது. அவரே "மாம்பழம் இல்லை" என்று சொல்லிவிட்டால், மல்கோவா இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இங்கே உண்மை பரந்ததிலிருந்து குறுகியதற்கு இறங்குகிறது. முதல் வகை ஏறுமுகம், இரண்டாவது இறங்குமுகம். எதிர்மறை ஒன்று வந்தால் திசை புரளும். இரண்டு வந்தால் பழைய திசைக்கே திரும்பும். "மல்கோவா இல்லாத கடை ஊரில் இல்லை" என்பதிலிருந்து "மாம்பழம் இல்லாத கடை ஊரில் இல்லை" என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

எதிர்மறை மட்டும்தான் திசையைப் புரட்டும் என்பதில்லை. "எல்லா மாம்பழமும் அழுகிவிட்டது" என்பதில் இரண்டு இடங்கள் உண்டு. "மாம்பழம்" நிற்கும் இடம் இறங்குமுகம்: எல்லா மல்கோவாவும் அழுகிவிட்டது என்பது தானாகவே கிடைக்கும். "அழுகிவிட்டது" நிற்கும் இடம் ஏறுமுகம்: எல்லா மாம்பழமும் கெட்டுவிட்டது என்பது கிடைக்கும். "சில" என்ற சொல்லுக்கு இரண்டு இடமும் ஏறுமுகம். "பெரும்பாலான" என்பதற்கு முதல் இடம் எந்தப் பக்கமும் சாயாது, இரண்டாவது ஏறுமுகம். "சரியாக மூன்று" என்பதற்கோ இரண்டு இடத்திலும் நிலையான திசை கிடையாது. ஜான் பார்வைஸ், ராபின் கூப்பர் இருவரும் 1981இல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட அளவுச் சொற்களை முறையாக ஆராய்ந்து, மொழிகளுக்குப் பொதுவான சில வரம்புகளை முன்வைத்தது. அளவைக் குறிக்கும் எளிய சொற்களின் பொருளை ஓரியல்புதான் பெரிதும் கட்டுப்படுத்துகிறது என்பது அவற்றில் ஒன்று.

இதுவரை சொன்னது தர்க்கம். இலக்கணத்துக்குள் இதே பண்பு நுழைந்த விதம் இன்னும் சுவையானது. பல மொழிகளிலும் எதிர்மறையை ஒட்டியே வாழும் சொற்கள் உண்டு. "ஒருபோதும் வரமாட்டான்" என்கிறோம். "ஒருபோதும் வருவான்" என்பதில்லை. "துளியும் சந்தேகமில்லை" சரி; "துளியும் சந்தேகம் இருக்கிறது" காதில் இடறும். ஆங்கிலத்தில் "எனி", "எவர்" ஆகிய சொற்கள் இந்த இனத்தவை. ஆனால் அவை எதிர்மறையே இல்லாத இடங்களிலும் வந்துவிடுகின்றன. "பாரிசுக்கு என்றேனும் போயிருக்கும் ஒவ்வொரு மாணவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தில் "எவர்" இயல்பாக அமரும். "ஒவ்வொரு மாணவரும் பாரிசுக்குப் போயிருக்கிறார்" என்பதில் அதே சொல்லைச் செருகினால் வாக்கியம் பிழையாகிவிடும். "ஒவ்வொரு" என்பதை எடுத்துவிட்டுச் "சில" என்று வைத்தால் முதல் வாக்கியமும் தேறாது.

இந்தப் புதிருக்கு 1970களில் விடை உருவானது. ழீல் ஃபொகோனியே 1975இல் வழிகாட்டினார். வில்லியம் லாடுசா 1979இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விதியைத் தெளிவாக வகுத்தார்: இத்தகைய சொற்கள் இறங்குமுக இடங்களில் மட்டுமே வரும். "ஒவ்வொரு" என்பதன் முதல் இடம் இறங்குமுகம், அதனால் இடம் கிடைக்கிறது. இரண்டாவது ஏறுமுகம், அதனால் கிடைப்பதில்லை. பேசுகிறவர் தர்க்கம் படித்தவராக இருக்க வேண்டியதே இல்லை. வாக்கியம் சரியா தவறா என்று அவர் காது சொல்லும் தீர்ப்புக்கு அடியில் ஒரு தர்க்கப் பண்பு இருக்கிறது.

விதிக்குச் சிக்கல்களும் வந்தன. "ரவி மட்டுமே காய்கறி சாப்பிட்டான்" என்ற பொருளில் வரும் ஆங்கில வாக்கியத்திலும் "எனி" வரும். ஆனால் அதிலிருந்து "ரவி மட்டுமே கீரை சாப்பிட்டான்" என்று முடிவு செய்ய முடியாது. அவன் கத்தரிக்காய் மட்டும் சாப்பிட்டிருக்கலாம். கை ஃபான் ஃபின்டெல் 1999இல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்: முடிவு வாக்கியம் எதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசுகிறதோ, அது நிறைவேறியதாக வைத்துக்கொண்டுதான் திசையைச் சோதிக்க வேண்டும். ரவி கீரை சாப்பிட்டான் என்று ஏற்றுக்கொண்டால், வேறு யாரும் காய்கறியே தொடாதபோது கீரையை உண்டவனும் அவன் ஒருவனே ஆகிறான். திசை இறங்குமுகம்தான். 2011இல் ஷெம்லா, ஓமேர், ராத்ஸ்சைல்டு மூவரும் நடத்திய சோதனை ஒரு படி மேலே போனது. ஒருவருக்கு ஒரு வாக்கியம் சரியாகப் படுமா என்பதை, ஏட்டுத் தர்க்கத்தைவிட அவர் தாமாகச் செய்யும் அனுமானமே நன்றாக முன்னறிவிக்கிறது என்று அது காட்டியது.

வாக்கியங்களைக் குறியீடுகளாக மாற்றாமல், அவற்றின் மேலேயே ஏறுமுக, இறங்குமுக அடையாளமிட்டு அனுமானம் செய்யும் முறைக்கு இயற்கைத் தர்க்கம் என்று பெயர். யோஹன் ஃபான் பெந்தெம் 1980களில் இதை முன்னெடுத்தார். விக்டர் சான்செஸ் வலென்சியா 1991இல் ஆம்ஸ்டர்டாமில் அளித்த ஆய்வேடு அடையாளமிடும் முறையை வகுத்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டில் பில் மெக்கார்ட்னியும் கிறிஸ்டபர் மானிங்கும் இதைக் கணினி நிரலாக்கினார்கள். நரம்பு வலையமைப்புகள் வந்தபிறகு கேள்வி மாறியது: எந்த விதியும் சொல்லித் தராமல் இயந்திரம் தானே திசையைக் கற்றுக்கொள்கிறதா? ஹிதோமி யனாகாவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் சோதித்தபோது, அன்றைய மாதிரிகள் ஏறுமுகத்தில் நன்றாகத் தேறி, இறங்குமுகத்தில் தடுமாறின. பயிற்சித் தரவுகளில் இறங்குமுக வாக்கியங்கள் அரிதாக இருந்தது இதற்கு ஒரு காரணம்.

ஓரியல்பு என்ற பெயர் தர்க்கத்தில் இன்னொரு பொருளிலும் வழங்குகிறது. அங்கே மாறுவது வாக்கியத்தின் சொல் அல்ல, நமக்குத் தெரிந்த செய்திகளின் தொகுப்பு. செவ்வியல் தர்க்கத்தில் புதிய செய்தி சேர்ந்தால் முடிவுகள் கூடலாம், பழையவை ஒருநாளும் உதிர்வதில்லை. அன்றாடச் சிந்தனை அப்படியல்ல. ஒரு பறவை என்றால் பறக்கும் என்று நினைக்கிறோம். அது பெங்குவின் என்று தெரிந்தவுடன் அந்த முடிவைக் கைவிடுகிறோம். மார்வின் மின்ஸ்கி 1974இல் செவ்வியல் தர்க்கத்தின் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். 1980இல் ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் ஆய்விதழின் சிறப்பிதழில் ஜான் மெக்கார்த்தி, ரேமண்ட் ரைட்டர், மெக்டெர்மட்–டாயல் ஆகியோர் முடிவைத் திரும்பப் பெற இடம் தரும் ஓரியல்பற்ற தர்க்கங்களைத் தனித்தனியே அமைத்துக் காட்டினார்கள்.

இரண்டு பொருளும் ஒரே வரையறையின் இரு பயன்பாடுகள்: ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றொன்று ஒரே திசையில் மட்டும் மாறுகிறதா என்பதே இரண்டிலும் சோதனை. சொல்லின் பொருளைப் பெரிதாக்கிப் பார்ப்பது முதலாவது, தெரிந்த செய்திகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது இரண்டாவது.

(தொடரும்)