முச்சக்கர ஏடிசி: முதலில் பேரிங்கைப் பாருங்கள்

மணல்மேட்டிலும் பனியிலும் ஓட்டுவதற்கென்று 1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் இறக்கிய முச்சக்கர வண்டி யுஎஸ் 90. பிறகு ஏடிசி 90 ஆனது. விபத்துகள் பெருகியதால், 1988-இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டோடு புதிய முச்சக்கர ஏடிசி விற்பனை அங்கே நின்றது. அங்கே இன்றும் ஓடும் பழைய ஹோண்டாக்களுக்கு வயது நாற்பதை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். வாங்க வருபவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்குகிறார்கள். குனிந்து பார்க்க வேண்டியது பின் ஆக்சிலை.

நம்மூர் ஆட்டோவில் டிஃபரன்ஷியல் உண்டு, இதில் கிடையாது. ஒரே இரும்புத் தண்டின் இரு முனையிலும் சக்கரம், இடையில் ஸ்பிராக்கெட்டும் பிரேக்கும். அதனால் பேரிங் தேய்ந்தால் செயினும் சீராக நிற்காது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. பலர் செயினை மாற்றுவார்கள், பிரேக் ஷூவை மாற்றுவார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆக்சிலும் சேர்ந்து ஆடினால் பேரிங் போய்விட்டது. அந்தச் சக்கரம் மட்டும் ஆடினால் ஹப்பின் ஸ்பிளைன் தேய்ந்திருக்கிறது, அல்லது நட் லூஸ். பேரிங் மாற்றும்போது ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சேறும் நீரும் புகுவது அதன் வழியாகத்தான். ஆக்சிலில் இரட்டை நட் இருந்தால், உள் நட்டை இறுக்கி, அதன்மேல் வெளி நட்டைப் பூட்ட வேண்டும். நுனி நட்டுக்குப் பழைய ஸ்பிளிட் பின்னையே திரும்பப் போடுவது கஞ்சத்தனம்.

அடுத்து செயின். சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில்தான் தொய்வை அளக்க வேண்டும். 520 செயினில் 20 கண்ணி புதிதில் 317.5 மி.மீ. இருக்கும்; 324-ஐத் தொட்டால் ஸ்பிராக்கெட்டுகளோடு சேர்த்து மாற்றுங்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவினால் ரப்பர் கெடும், மண்ணெண்ணெய் போதும்.

பிரேக் கடைசியில். டிஸ்க் என்றால் பேட், பிரேக் ஆயில் இரண்டையும் பாருங்கள். டிரம்மில் ஷூ தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி, தட்டிலுள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் புது ஷூதான். கேபிளை முறுக்கி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டும் வித்தை வேண்டாம். தண்ணீரில் இறங்கி ஏறியதும், பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஷூவை உலரவிட்ட பிறகு வேகமெடுங்கள்.