பட்டின் தலையெழுத்து பூச்சியின் வயிற்றில்

கர்நாடகத்துப் பட்டு விவசாயியின் வருமானம் ஒரு தாய்ப்பூச்சியின் உடலமைப்பில் இருக்கிறது

ஓசூர் சாலை வழியாகப் பெங்களூருக்குள் நுழைகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்காமல் தப்புவது அரிது. சந்திப்புக்குப் பெயர் கொடுத்த மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகம் அருகிலேயே இருக்கிறது. நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் ராமநகரத்தின் புகழ்பெற்ற பட்டுக்கூடு சந்தை. காஞ்சிபுரம் தறிகளுக்கும் கர்நாடக நூல் போகிறது. இவ்வளவு பெரிய தொழிலுக்கும் ஆதாரம், பறக்கக்கூடத் தெரியாத ஒரு பூச்சியின் அடிவயிறு.

கூட்டைவிட்டு வெளியே வரும் பட்டுப்பூச்சி எதையும் உண்பதில்லை. சில நாள் வாழ்வில் அதற்கு இருப்பது ஒரே வேலை: இனப்பெருக்கம். பெண்பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள சுரப்பி ஒரு வாசனைப் பொருளை வெளியிட, ஆண் சிறகடித்தபடி தேடி வருகிறது. ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் பூட்டனாண்ட் சுமார் 5 லட்சம் பூச்சிகளைக் கொண்டு ஆராய்ந்து, 1959இல் இந்தப் பொருளை அடையாளம் கண்டார். பூச்சிகளின் காதல் வாசனைகளில் முதன்முதலாக வேதியியல் ரீதியில் அறியப்பட்டது இதுதான்.

பெண்ணின் உடலில் இரண்டு தனித்தனி வாசல்கள் உண்டு. ஒன்று புணர்ச்சிக்கு, மற்றது முட்டையிட. பன்னேர்கட்டா பூங்காவில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதே அமைப்புதான். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களில் 98 சதவீதம் இப்படித்தான். ஆண் தன் விந்தை ஒரு பொதியாகக் கட்டி முதல் வாசல் வழியே புணர்ச்சிப் பைக்குள் வைக்கிறது. அங்கிருந்து உயிரணுக்கள் ஒரு மெல்லிய குழாய் வழியே நகர்ந்து, சேமிப்புப் பையை அடைந்து காத்திருக்கின்றன. இரண்டு சூலகங்களிலும் நான்கு நான்காக எட்டு குழல்கள். அவற்றிலிருந்து முட்டைகள் இறங்கி வரும்போது, வழியில்தான் கருவுறுகின்றன.

ஆணின் உயிரணுக்களிலும் இரண்டு வகை. ஒன்றில் மரபுப் பொருள் தாங்கிய உட்கரு உண்டு; மற்றதில் இல்லை. கருத்தரிக்கவே முடியாத இரண்டாவது வகை எதற்கு என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அது துணை வராவிட்டால் முதல் வகை சேமிப்புப் பையைச் சென்றடைவதில்லை என்று பட்டுப்பூச்சியிலேயே அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதெல்லாம் பாடப்புத்தக விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டு முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் இதுவே அன்றாடத் தொழிலறிவு. விவசாயிகள் வளர்ப்பது கலப்பினப் புழுக்களை. கர்நாடகத்தில் தூய மைசூர் இனத் தாயையும் வெளிநாட்டு இனக் கலப்பில் உருவான சி.எஸ்.ஆர்.2 தந்தையையும் சேர்ப்பது பழகிப்போன முறை. பூச்சிகளோ வெளிவந்த வேகத்தில் கண்ணில் பட்ட துணையோடு கூடிவிடும். சொந்த இனத்திலேயே கூடிவிட்டால் கலப்பினம் கெட்டது. எனவே கூட்டுப்புழுப் பருவத்திலேயே ஆண், பெண் பிரிப்பதுண்டு. வயிற்றின் எட்டாவது கண்டத்தில் பெருக்கல் குறி போன்ற கோடு தெரிந்தால் பெண். ஒன்பதாவதில் சிறு புள்ளி தெரிந்தால் ஆண். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் பிரிப்பதற்குத் தேர்ந்த கண் வேண்டும்.

பிறகு சேர்த்துவிட்டுச் சில மணி நேரத்தில் கையால் பிரிக்கிறார்கள். தாய்ப்பூச்சி சுமார் 400 முதல் 500 முட்டைகள் இடும். அத்துடன் அதன் கடமை முடிந்தது. சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

பெப்ரைன் நோய் தாயின் உடலிலிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடும். பொரிக்கும்போதே புழு நோயாளி. மிளகுத் தூள் தூவியதுபோல உடலில் கரும்புள்ளிகள் தோன்றும். முட்டையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. 1860களில் பிரான்சின் பட்டுத் தொழிலையே இந்த நோய் முடக்கியபோது, லூயி பாஸ்டர் வழி சொன்னார்: ஒவ்வொரு தாயையும் தனித்தனியே முட்டையிட விடுங்கள், பிறகு அதை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள், நோய்க் கிருமி இருந்தால் முட்டைகளை அழித்துவிடுங்கள். இன்றும் நம் வித்தகங்களின் சோதனைக்கு அடிப்படை அதுதான்.

அந்தச் சோதனையில் யாராவது அசட்டையாக இருந்தால் விலை கொடுப்பவர் விவசாயி. கடன் வாங்கி மல்பெரி பயிரிட்டு, இரவு பகலாக இலை போட்டு வளர்த்த புழுக்கள் கூடு கட்டும் முன்பே செத்து விழும். நோய் ஒரு மனையோடு நிற்காமல் பக்கத்து மனைகளுக்கும் பரவும். முட்டை உற்பத்தியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், தரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2006இல் மத்தியப் பட்டு வாரியச் சட்டம் திருத்தப்பட்டதன் நியாயம் இதுவே.

விவசாயி கையில் வாங்குவது கடுகைவிடச் சிறிய முட்டைகள். அவற்றின் தாய் எந்த இனம், யாரோடு கூடியது, நோயற்றதா என்பதையெல்லாம் அவரால் பார்த்து அறிய முடியாது. அவருக்காகப் பார்க்க வேண்டியவர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருக்கிறார். பட்டின் மினுமினுப்பு அவருடைய கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.