உங்கள் விரலில் சங்கா, சக்கரமா? தெரியுமா?

வலது கைப் பெருவிரலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரேகைகள் ஒரு பக்கத்தால் நுழைந்து, வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் போகின்றனவா? அது சங்கு. வட்டம் வட்டமாகச் சுழிக்கின்றனவா? சக்கரம்! ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்கிவிடுகின்றனவா? அப்படியானால் உங்களுக்கு வாய்த்திருப்பது வில். நீங்கள் அபூர்வமானவர்! உலகத்து விரல்களில் நூற்றுக்கு 60 முதல் 65 வரை சங்கு, 30 முதல் 35 வரை சக்கரம். வில்லுக்கு மிஞ்சுவது வெறும் 5!

வில்லைத் தேடுகிறீர்களா? சுட்டுவிரலில் தேடுங்கள், அங்கேதான் அது அதிகம் வரும். சக்கரத்துக்கு மோதிர விரலும் பெருவிரலும். சுண்டுவிரலில் பெரும்பாலும் சங்குதான்!

மட்டக்களப்பில் ஒருவரிடம் "என்ன குடி?" என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார். குடி தாய்வழியே வரும். விரல் ரேகை யார் வழியே வரும், தெரியுமா? சங்கா சக்கரமா என்பதில் தாய்க்கும் பங்குண்டு, தந்தைக்கும் பங்குண்டு. ஆனால் எந்த ரேகை எங்கே முறியும், எது எங்கே இரண்டாகப் பிரியும் என்பது இருவரிடமிருந்தும் வருவதில்லை! அது கருப்பைக்குள் அந்த ஒரு பிள்ளைக்கென்றே உருவாவது.

எப்படி? கருவிலுள்ள குழந்தையின் விரல் நுனியில் முதலில் ஒரு சின்ன மேடு எழும்பும். பிறகு அது மெல்ல வற்றும். 13ஆம் வாரமளவில் ரேகை விழத் தொடங்கும். அப்போது மேடு நன்றாகப் புடைத்திருந்தால் சக்கரம்! வற்றிப்போயிருந்தால் வில்! ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சங்கு! கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ கோலமே மாறிவிடும்!

இன்னும் கேளுங்கள். ரேகை விரல் முழுவதும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. மேட்டின் நடுவில், நகத்தின் அடியில், விரல் மடியும் கோட்டருகில் என மூன்று இடங்களில் தொடங்கி அலை அலையாகப் பரவுகிறது! கல்லடிப் பாலத்தில் நின்று மூன்று கல்லை வாவியில் போட்டால் அலைவட்டங்கள் விரிந்து ஒன்றோடொன்று முட்டுமே, அதைப் போல. அலைகள் எங்கே சந்திக்கின்றனவோ அதை வைத்துத்தான் கோலம் அமைகிறது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளியிட்டது 2023இல்தான். இத்தனை காலமும் கையிலேயே இருந்த இரகசியம்!

ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள்? முகம் ஒன்று, மரபணு ஒன்று. ரேகை வேறு வேறு! அது மட்டுமா, உங்கள் பத்து விரல்களிலேயே ஒன்றைப் போல இன்னொன்று இல்லை!

1892 என்றதும் நமக்கு நினைவு வருவது காரைதீவில் சுவாமி விபுலானந்தர் பிறந்த ஆண்டு. அதே ஆண்டில் உலகின் மறுகோடியில் என்ன நடந்தது, தெரியுமா? ஆர்ஜென்டினாவில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டன. கதவில் இரத்தம் தோய்ந்த ஒரு விரலடையாளம். அயலவர்மீது பழி போட்ட தாயின் பெருவிரலோடு அது பொருந்தியது! விரல் ரேகை துலக்கிய முதல் கொலை வழக்குகளில் ஒன்று இது. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டனின் விரல் ரேகை நூல் இலண்டனில் வெளியானதும் அதே 1892இல்தான்!

உலகின் முதல் விரலடையாளப் பணியகம் எங்கே? இலண்டனா? பாரிசா? இல்லை, கல்கத்தா! ஆண்டு 1897. பத்து விரல்களில் எதில் எதில் சக்கரம் இருக்கிறது என்று பார்த்து, எத்தனை இலட்சம் தாள்கள் இருந்தாலும் அவற்றை 1,024 பெட்டிகளில் பிரித்துவிடும் கணக்கைப் போட்டவர் அசிசுல் ஹக். அவரோடு உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். உலகம் அதற்கு வைத்த பெயரோ அவர்களது மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்! அந்த இரண்டு வங்காளிகளின் பெயரையும் நாமாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பின் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தை ஒன்று, 81ஆவதாக அனுமதிக்கப்பட்டதால் "81ஆம் இலக்கக் குழந்தை" என்று உலகமெங்கும் அறியப்பட்டது. பெற்றோர் யார் என்பதை விரல் ரேகையால் சொல்ல முடியுமா? முடியாது. இவர் அவர்தானா என்று மட்டுமே ரேகை சொல்லும், இவர் யார் பிள்ளை என்று சொல்லாது. மரபணுப் பரிசோதனை சொன்னது. 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோரின் கைக்கு வந்தது.

ரேகை அழியுமா? வலை இழுக்கும் கை, சீமெந்து குழைக்கும் கை, படுவான்கரை வயலில் கதிர் அறுக்கும் கை, இவையெல்லாம் தேயும். இயந்திரத்தில் வைத்தால் சில வேளை பிடிக்காது. ஆனால் கொஞ்ச நாள் ஓய்ந்திருந்தால் அதே ரேகை, அதே முறிவு, அதே பிரிவு, மீண்டும் முளைத்துவிடும்! அமெரிக்கக் கொள்ளையன் ஜோன் டிலிஞ்சர் விரலில் அமிலமே ஊற்றிப் பார்த்தான். 1934இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மிஞ்சியிருந்த ரேகையே அவனைக் காட்டிக்கொடுத்தது!

வாவியில் இறங்கி றால் பிடிப்பவரின் விரல் சுருங்குகிறதே, தோல் ஊறிப்போனதாலா? இல்லை! நரம்பின் வேலை அது. நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் எத்தனை நேரம் கிடந்தாலும் அப்படிச் சுருங்காது! ஈரமான பொருளை அந்தச் சுருக்கம் நன்றாகப் பிடிக்க உதவும். 2013இல் நியூகாசில் பல்கலைக்கழகம் சோதித்தபோது, சுருங்கிய விரல்கள் ஈரக் கண்ணாடிக் குண்டுகளை 12 சதவீதம் வேகமாக எடுத்தன!

ரேகையே இல்லாமல் பிறப்பவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா? விரல் நுனி வழவழவென்று இருக்கும்! காரணமான மரபணு 2011இல் ஒரு சுவிஸ் குடும்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. விமான நிலையத்தில் இவர்கள் படும் பாட்டைப் பார்த்து வைத்தியர்கள் வைத்த செல்லப் பெயர் "குடிவரவுத் தாமத நோய்"! இலங்கையிலும் 2015 முதல் கடவுச்சீட்டுக்கு விரலடையாளம் வேண்டும்.

மனிதனைப் போலவே ரேகை உள்ள விலங்கு? குரங்குகளை விடுங்கள். ஆஸ்திரேலியாவின் கோலா! நுண்ணோக்கியில் வைத்தாலும் மனித ரேகையிலிருந்து பிரித்தறிவது கடினம்!

இன்றிரவு வீட்டில் எல்லோரையும் கூட்டி விரல்களை எண்ணிப் பாருங்கள். யாருக்கு எத்தனை சக்கரம்? யாருக்கு வில்? ஐந்து பேர் இருக்கும் வீட்டில் 50 விரல்கள். ஐம்பதும் 50 விதமாக இருக்கும்!