நீலத்திரை கண்டு கலங்க வேண்டாம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத கணினியில் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது நல்லதன்று. ஆகவே வாடிக்கையாளர் பலர் விண்டோஸ் 11 பதிப்பை நிறுவ முனைகின்றனர். அவர்களுள் சிலர் பாதி வழியில் ‘நீலத்திரை’யைக் கண்டு திகைக்கின்றனர். அது ஏன் தோன்றுகிறது, அப்போது செய்யத்தக்கவை யாவை, தகாதவை யாவை என்பதை இங்குக் காண்போம்.

நீலத்திரை என்பது என்ன?

தன்னால் சரிசெய்ய இயலாத பிழையைக் காணும்போது, தகவல்கள் மேலும் சிதையாதிருக்கும் பொருட்டு இயங்குதளம் கணினியை உடனே நிறுத்திவிடுகிறது. அந்நிறுத்தத்தின் அறிவிப்பே நீலத்திரை. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் இது கருநிறத் திரையாக மாற்றப்பட்டுள்ளது.

நேற்றுவரை இயங்கிய கணினி இன்று நிற்பதேன் என்னும் ஐயம் எழலாம். நிறுவும்போது பல ஜிபி அளவுள்ள கோப்புகள் விரிக்கப்பட்டு வட்டில் எழுதப்படுகின்றன. புதிய டிரைவர்களும் ஏற்றப்படுகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் மறைந்திருந்த குறை இச்சுமையில் வெளிப்பட்டுவிடுகிறது.

தொடங்குமுன்

கணக்கு விவரப் பட்டியல்கள், வருமான வரி ஆவணங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்போம். பிட்லாக்கர் பூட்டு இயங்கும் கணினியாயின் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. பயாஸ் அமைப்பை மாற்றினால் கணினி அவ்வெண்ணைக் கேட்கக்கூடும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 ஆகியவை தேவை. பழைய பதிப்பின் மேலேயே புதியதை நிறுவுவோர், வெளியிலிருந்து வாங்கி நிறுவிய ஆன்டிவைரஸ் மென்பொருளை முதலில் நீக்கிவிடுதல் நன்று.

குறியீடு கூறும் செய்தி

திரையின் அடியில் காணப்படும் நிறுத்தக் குறியீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வோம். காரணத்தைத் தேட அதுவே முதல் தடயம்.

‘மெமரி மேனேஜ்மென்ட்’ எனில் ரேம் மீது ஐயம் கொள்ளலாம். மின் இணைப்பைத் துண்டித்து, ரேம் அட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தால் பழுதானது புலப்படும்.

‘இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்’ எனில் விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள வட்டைக் கணினியால் அணுக இயலவில்லை என்பது பொருள். வட்டின் கேபிள் தளர்ந்திருக்கலாம். பயாஸில் வட்டுக்கான அமைப்பு மாறியிருக்கலாம். அல்லது உரிய சேமிப்பக டிரைவர் இல்லாதிருக்கலாம். அந்த டிரைவரைக் கணினி தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே பெறவேண்டும்.

‘வியா அன்கரெக்டபிள் எரர்’ வன்பொருள் பிழையைச் சுட்டுவது. மிகுந்த வெப்பம், மின்வழங்கியின் குறை, செயலியின் வேகத்தை வரம்பு மீறி உயர்த்தியமை ஆகியவற்றை ஆராய வேண்டும்.

குறியீடு எதுவாயினும், விசைப்பலகையும் மவுஸும் தவிர அச்சுப்பொறி முதலிய பிற கருவிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலலாம். பயனில்லையேல் 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வேறொரு பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்புகளைப் புதிதாகப் பதிவிறக்குவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தால்தான் எது பயன் தந்தது என்பது விளங்கும். மேம்படுத்தல் தோல்வியுற்றால் கணினி பெரும்பாலும் தானே பழைய பதிப்புக்குத் திரும்பும். அதுவரை மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது.

போலித் திரையை அறிவோம்

உண்மையான நீலத்திரையில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. “உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று எழுதியிருந்தாலோ அபாய ஒலி எழுந்தாலோ, அது உலாவியில் தோன்றும் மோசடிப் பக்கமேயாகும். அவ்வெண்ணை அழைத்தால், உதவி செய்வதாகக் கூறி எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலை அணுகல் செயலியை நிறுவச் சொல்வர். நிறுவியபின் நம் திரை அவர்கள் பார்வைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாகும். “பணத்தைத் திருப்பித் தருகிறோம், நெட்பேங்கிங்கைத் திறவுங்கள்” என்பது அடுத்த வலை. அழைக்காமல், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடிவிடுவதே போதுமானது.

கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கும்போதும் கவனம் தேவை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை இயன்றால் முன்னரே நீக்கிவிடுவோம். கணினி திரும்பியதும் வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து நெட்பேங்கிங் கடவுச்சொல்லை மாற்றுவோம். ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும், வங்கி அலுவலர் என்று கூறினாலும், பகிர்தல் கூடாது.

பணம் பறிபோயிருப்பின் காலந்தாழ்த்தாமல் நம் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைந்து தெரிவிக்கிறோமோ, அந்தப் பணத்தை இடைவழியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு மிகும்.