மிதக்கும் ஊர் – 7: வாந்தி எடுக்கும் லாரி

இந்த வாரம் யோகோஹாமா துறைமுகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். கொரோனா பரவிய டயமண்ட் பிரின்சஸ் கப்பல், மூடிய கேபின்கள், உள்ளே மூவாயிரத்துச் சொச்சம் பேர். குறிப்புகள்கூடத் தயார். அதற்குள் லாரி குறுக்கே வந்து நின்றுவிட்டான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக முன்கதை, இரண்டே வரியில். 1968-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அதற்குக் காரணமான கிருமியை 1972-ல் ஆல்பர்ட் கபிகியான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பிடித்தார். அதுதான் நோரோவைரஸ், உல்லாசக் கப்பல்களின் தீராத தலைவலி. மற்றதைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லாரி. தண்ணீர் லாரி இல்லை, ஆள் பெயர். சரியாகச் சொன்னால் ஆளும் இல்லை, பொம்மை. இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம் பக்ஸ்டன் என்றொரு ஊர். வேலை செய்யும் இடங்களில் மனிதர்களுக்கு என்னென்ன கெடுதல் வரும் என்று ஆராயும் அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. கேத்தரின் மேக்கிசன் பூத் என்ற ஆய்வாளர் அங்கே உருவாக்கிய இயந்திரத்தின் பெயர் ‘வாமிட்டிங் லாரி’. வாயைப் பிளந்தபடி ஒரு பொம்மைத் தலை. கீழே வயிறு என்று ஓர் உருளை. உருளையில் தண்ணீர் நிரப்பி, அழுத்தி வெளியே தள்ளினால் லாரி வாந்தி எடுப்பான். அவன் பிறவி எடுத்ததே அதற்குத்தான்.

சும்மா தண்ணீர் என்றால் எதற்கு ஆய்வுக்கூடம்? அதில் ஒளிரும் சாயம் கலந்திருந்தார்கள். அறையின் சாதாரண விளக்கு எரியும்போது பார்த்தால் லாரிக்கு முன்னால் தரையில் ஒரு குட்டை, சுற்றிலும் கொஞ்சம் தெறிப்பு. ஒரு ஆள், ஒரு துடைப்பான், ஐந்து நிமிட வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டார்கள். தரையெல்லாம் புள்ளி புள்ளியாக மின்னியது. முன்பக்கம் 3 மீட்டருக்கு மேலேயும் போயிருந்தது. பக்கவாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு. இவ்வளவும் வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாதவை. ஆய்வறிக்கை 2014-ல் வெளியானது. அதைப் படித்த இரவு சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

லாரிக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி உண்டு, பெயர்தான் வைக்கவில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லீ-ஆன் ஜேக்கஸ் என்ற பேராசிரியரின் குழு செய்தது. மனித உடலின் கால் பங்கு அளவுதான். மேலே களிமண்ணில் செய்த ஒரு முகம். பார்க்கப் பாவமாக இருக்கும். அதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மனிதரை ஒன்றும் செய்யாத எம்.எஸ்.2 என்ற வைரஸைக் கலந்து வாந்தி எடுக்க வைத்தார்கள். லாரியின் கேள்வி தரையைப் பற்றியது. இவர்களின் கேள்வி வேறு: காற்றில் எவ்வளவு மிதக்கிறது? வாந்தியில் உள்ள வைரஸில் மிக மிகச் சிறிய பங்குதான் காற்றில் ஏறுகிறது, ஒரு சதவீதத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் குறைந்தது சில டஜன் துகள், அதிகபட்சம் 13,000. 2015-ல் வெளியான கணக்கு இது.

நோரோவைரஸ் ஒருவருக்குத் தொற்ற எத்தனை துகள் வேண்டும்? 18 போதும் என்று 2008-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது பொம்மையைக் கப்பலுக்குக் கூட்டிப் போவோம். கேபின் நடைபாதையில் எதிரே பெட்டியை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் நாம் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். 3 மீட்டர் என்றால் அந்தப் பக்கத்துக் கதவுகள், இந்தப் பக்கத்துக் கதவுகள், எல்லாவற்றின் கைப்பிடிகளும் கணக்கில் வந்துவிடும். லிஃப்ட் வாசல் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பயணி ஒருவர் பொது இடத்தில் வாந்தி எடுத்துவிட்டால் நல்ல கப்பல்களில் துடைப்பான் முதலில் வராது, கயிறுதான் வரும். அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்குவார்கள். பிறகு கையுறை, முகமூடி, மேலங்கி போட்ட ஊழியர் வருவார். உறிஞ்சும் பொடியைத் தூவி அள்ளிவிட்டுக் கிருமிநாசினி அடிப்பார். அடித்ததும் துடைத்தால் பிரயோஜனமில்லை. புட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்கு அது ஈரமாகவே கிடக்க வேண்டும். அவசரக்காரப் பயணிகள் கயிற்றைத் தாண்டி நடப்பது இந்த நிமிடங்களில்தான்.

‘கைக்குச் சானிடைசர் போதாதா?’ என்று போன வாரக் கடிதம் ஒன்று. போதாது. அதிலுள்ள ஆல்கஹால் கொல்வது கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களை; கொரோனா அந்த ரகம். நோரோவுக்கு அந்தப் போர்வையே கிடையாது. சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி. இதில் வேடிக்கை, நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனக் கப்பல்களில் பஃபே வாசலில் ஒரு ஊழியர் ‘வாஷி வாஷி’ என்று பாடிக்கொண்டே வருகிறவர் கையிலெல்லாம் சானிடைசரைப் பீய்ச்சுவார். பயணிகள் அதை வீடியோ எடுத்துப் போட்டு மகிழ்வார்கள். பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் என் ஓட்டு, சில புதிய கப்பல்களில் பஃபே வாசலிலேயே வரிசையாக வைத்திருக்கும் வாஷ்பேசின்களுக்குத்தான்.

ஒளிரும் சாயம் என்றதும் இன்னொரு கதை. இதை எழுதாமல் என்னால் யோகோஹாமா போக முடியாது.

பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஃபிலிப் கார்லிங். ஆஸ்பத்திரி அறைகளை உண்மையிலேயே துடைக்கிறார்களா என்று பார்க்க ஒரு உபாயம் வைத்திருந்தார். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரைசல். புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும். ஈரத்துணி பட்டால் போய்விடும். கட்டில் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு மறுநாள் விளக்கடித்தால் வேலை நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அதே பொட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோனார். பயிற்சி பெற்ற சுகாதாரத் துறையினர் கப்பல்களின் பொதுக் கழிவறைகளுக்குள் போய், யாருக்கும் சொல்லாமல் பொட்டு வைத்தார்கள். கழிப்பறை இருக்கை, ஃபிளஷ் கைப்பிடி, உள் தாழ்ப்பாள் பக்கம், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளும் கம்பி, வெளியேறும் கதவின் கைப்பிடி, குழந்தைக்குத் துணி மாற்றும் பலகை. 3 ஆண்டுகள், 56 கப்பல்கள், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டுகள்.

அன்றாடம் துடைக்கப்பட்டவை 37 சதவீதம்தான். இருக்கை பரவாயில்லை, பாதியாவது துடைத்திருந்தார்கள். கம்பியும் குழந்தைப் பலகையும் கடைசி வரிசை. ஏன் என்று யோசித்தால் புரியும். அழுக்கு என்று மனசுக்குத் தோன்றுவதை நாம் துடைக்கிறோம். கையைக் கழுவிவிட்டு வெளியே வருகிறவர் கடைசியாகத் தொடும் கதவுக் கைப்பிடி பளபளவென்றிருக்கிறது. அதை யார் சந்தேகிப்பார்கள்?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதற்கடுத்த தகவல். இந்தக் கப்பல்கள் எல்லாம் சுகாதாரத் தேர்வில் முதல் பெஞ்ச் மாணவர்கள். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பயணம் போய்வரும் கப்பல்களுக்கு அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மதிப்பெண் போடுகிறது. ஆண்டுக்கு இருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். 100-க்கு 86 வாங்கினால் தேர்ச்சி. 85 என்றால் தோல்வி. கார்லிங் பொட்டு வைத்த கப்பல்களின் சராசரி 97! அந்த மதிப்பெண்ணுக்கும் கைப்பிடிகளின் சுத்தத்துக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. சமையலறைக் குளிர்பெட்டியின் வெப்பநிலைக்கும் குடிநீர்க் குளோரினுக்கும் மதிப்பெண் உண்டு, வேண்டியதுதான். வாந்திக் கிருமி அந்தப் பக்கம் போகாமலே ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது என்பதுதான் என் வழக்கு.

இந்தச் சோதனையைக் கப்பல் ஊழியர்கள் சி.டி.சி. என்று சொல்ல மாட்டார்கள். ‘யு.எஸ்.பி.எச்.’ என்பார்கள்; அமெரிக்கப் பொதுச் சுகாதாரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். தூத்துக்குடியில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவும் பிரிவில் இருந்தவர். அந்த நாலெழுத்தைச் சொன்னாலே இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருகிறார்.

“எப்ப வருவான்னு சொல்ல மாட்டான் தம்பி. ஆனா போன தடவ வந்து அஞ்சாறு மாசம் ஆச்சுன்னா, ஒவ்வொரு அமெரிக்கா துறைமுகத்துலயும் வயிறு கலக்கும். மூணு வாளி. செவப்பு வாளி சோப்புத் தண்ணி, சாம்பல் வாளி அலசுறதுக்கு, வெள்ளை வாளி மருந்து. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். குளிர்ச்சியா இருக்க வேண்டியது அஞ்சு டிகிரிக்கு மேல போகக் கூடாது, சூடா இருக்க வேண்டியது அம்பத்தேழுக்குக் கீழ வரக் கூடாது. நான் படிச்ச படிப்புல இன்னிக்கும் மறக்காதது இது ஒண்ணுதான்.”

வயிறு கலக்கினால் சிலர் என்ன செய்வார்கள் என்பதற்கு 2013 ஜூன் மாதம் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் ஒரு உதாரணம் கிடைத்தது. சில்வர் ஷேடோ என்ற சொகுசுக் கப்பல். ஆய்வாளர்கள் ஏறினார்கள். சமையலறை கண்ணாடி மாதிரி இருந்தது. அவர்கள் நேராக ஊழியர்கள் தூங்கும் கேபின்களுக்குப் போனார்கள். பத்துக்கு மேற்பட்ட கேபின்களில், பதினைந்துக்கு மேற்பட்ட தள்ளுவண்டிகள். பால், முட்டை, பச்சை இறைச்சி, பாலாடைக்கட்டி, காய்கறி, பாத்திரம் எல்லாம் உள்ளே. இரண்டு பேர், மூன்று பேர் படுக்கும் அறைகள் அவை. இறைச்சியை வெளியே எடுத்துக் குளோரின் ஊற்றி அழித்தார்கள். மதிப்பெண் 82. இவ்வளவுக்கும் 82-ஆ என்று வாத்தியார் வீட்டுப் பிள்ளையான எனக்கு ஆறவில்லை. அந்த வண்டிகளைத் தங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும் யோசனை அங்கே படுத்திருந்தவர்களுக்கா வந்திருக்கும்?

ஒளித்துவைப்பதில் பயணிகளும் இளைத்தவர்கள் இல்லை. ஏறும்முன் ஒரு படிவம் தருவார்கள்: கடந்த சில நாட்களில் வாந்தி, பேதி உண்டா? உண்டு என்று எழுதினால் பயணம் போய்விடுமோ என்ற பயம்; ஆண்டெல்லாம் சேர்த்த பணம். ‘இல்லை’ என்று எழுதி ஏறிவிடுகிறார்கள். ஏறியபின் வயிறு கெட்டாலும் கப்பல் மருத்துவரிடம் போனால் கேபினிலேயே கிட என்பார் என்று மாத்திரையை விழுங்கிக்கொண்டு பஃபேக்குப் போகிறார்கள். ஊழியர் கணக்கு வேறு. சமையல், பரிமாறல் பக்கம் இருப்பவர் என்றால் வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது. அத்தனை நேரமும் கையில் டிப்ஸ் விழாது.

இதனால்தான் 3 சதவீதம் என்ற எல்லைக்கோட்டை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். பயணிகளில் 3 சதவீதமோ, ஊழியர்களில் 3 சதவீதமோ வயிற்று நோய் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அந்தக் கப்பலின் பெயரை சி.டி.சி. வெளியிடும். ‘சொல்லிவிட்டால்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டி வெள்ளமாகப் போன கப்பல்களும் உண்டு. 2014 ஜனவரியில் நியூ ஜெர்சியிலிருந்து கரீபியன் போன எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ், 600-க்கும் மேற்பட்ட பயணிகள் படுத்துவிட, இரண்டு நாள் முன்னதாகவே கரைக்குத் திரும்பியது.

கப்பல்காரர்கள் சார்பில் ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஒரு சதவீதம்தான். முதியோர் இல்லங்கள், உணவகங்கள், பள்ளிகள் என்று கரையில்தான் பெரும்பாலானவை. அங்கெல்லாம் இப்படித் தலையை எண்ணிப் பெயரை ஊருக்குச் சொல்லும் ஆள் கிடையாது. கப்பலில் உண்டு, அதனால் நாம் கப்பலைப் பற்றிப் பேசுகிறோம்.

பக்கம் முடிகிறது, ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். யோகோஹாமா அடுத்த வாரம்தான். 2020 பிப்ரவரி 5 காலையில் பயணிகள் 2,666 பேரையும் கேபினுக்குள் இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு வேளாவேளைக்குச் சமைத்து, கதவு கதவாகத் தட்டிக் கொடுத்தவர்கள் 1,045 ஊழியர்கள். அதில் இந்தியர்கள் 132 பேர். வேலை முடிந்ததும் இவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், இருவராகவும் அதற்கு மேலும் ஒரே அறையில் படுத்தார்கள். தனிமைப்படுத்தியது யாரை யாரிடமிருந்து? கப்பலுக்குள் தொற்றுத் தடுப்பு சரியில்லை என்று ஜப்பானிலேயே ஒரு பேராசிரியர் வீடியோ போட்டுச் சொன்னார். அந்த வீடியோவிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)